அறுபது நாள் நோட்டீஸும் மூணு வட்டிப் பணமும்

கேள்வி: என் கணவர் எட்டு வருடம் துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தார். கம்பெனியை மூடிவிட்டார்கள். கணக்கு முடிக்காமல் டிக்கெட் மட்டும் எடுத்துக் கொடுத்து அனுப்பினார்கள். ஊருக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. வங்கியில் 12 லட்சம் வாங்கி வீடு கட்டினோம். மாதம் 12,171 ரூபாய் தவணை. ஐந்து தவணை நின்றுபோய்விட்டது. 12 நாளைக்கு முன் வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தது. மொத்தம் 9 லட்சத்து 70 ஆயிரத்தையும் 60 நாளில் கட்டச் சொல்கிறார்கள். என் ஐந்து பவுன் நகை சொசைட்டியில் மூன்று வருடமாக 1,20,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது. குழுக் கடனும் உண்டு. தெரிந்தவர் ஒருவர் மூணு வட்டிக்கு 2 லட்சம் தருகிறேன், வீட்டுக்குக் கிரைய ஒப்பந்தமும் இரண்டு செக்கும் கொடுங்கள் என்கிறார். என் அண்ணன், வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிவிடச் சொல்கிறார். கணவர் சரியாகத் தூங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. 60 நாள் முடிந்ததும் வீட்டை விட்டு வெளியேற வேண்டுமா?
– பெயர் வேண்டாம், தேவிபட்டினம் பக்கம்

பதில்:

வேண்டியதில்லை, சகோதரி. 61-ஆம் நாள் யாரும் வந்து உங்களை வெளியேற்ற முடியாது. ஆனால் கையில் இருக்கும் 48 நாள் மிகவும் மதிப்புள்ளது. அதை எந்த வரிசையில் பயன்படுத்துகிறீர்கள் என்பதில்தான் வீடு நிற்பது இருக்கிறது.

வந்திருப்பது 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் (கோர்ட்டில் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை வங்கி எடுக்க வழிசெய்யும் சட்டம்) 13(2) நோட்டீஸ். தவணை 90 நாளைத் தாண்டி நின்றால் கணக்கை வாராக்கடனாக எழுதி இதை அனுப்புவார்கள். 60 நாளும் எதுவும் நடக்காவிட்டால், அடுத்து 13(4)-இன் கீழ் வீட்டைச் சுவாதீனம் எடுத்ததாக அறிவிப்பார்கள். பெரும்பாலும் முதலில் அது காகிதத்தில்தான். வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் வரும். ஊர் பார்க்கும், மனசு நோகும். ஆனாலும் நீங்கள் உள்ளேதான் இருப்பீர்கள். ஆளை வெளியேற்றிப் பூட்டுப் போட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ வங்கி மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். ஏலத்துக்கு முன் உங்களுக்கு 30 நாள் விற்பனை நோட்டீஸ் தனியாக வர வேண்டும். அந்த ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் முழுக் கடனையும் செலவையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை. அதற்குப் பிறகு அந்தக் கதவு மூடிவிடும்.

தபால்காரரிடம் கவரை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். அப்படிச் செய்தால் அதே நோட்டீஸைக் கதவில் ஒட்டிப் பத்திரிகையிலும் போடுவார்கள். நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

நோட்டீஸ் 9,70,000 கேட்டாலும் நீங்கள் இப்போது திரட்ட வேண்டியது அவ்வளவு இல்லை. நின்ற தவணைகளை அபராதக் கட்டணத்தோடு மொத்தமாகக் கட்டினால் கணக்கை மறுபடி ஒழுங்கான கணக்காக மாற்றலாம். ஐந்து தவணைக்கு 60,855 ரூபாய். கட்டணமும் நோட்டீஸ் செலவும் தனி. கட்டும் நாளில் இன்னொரு தவணை சேர்ந்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். 80,000 கையில் இருந்தால் தைரியமாக வங்கிக்குப் போகலாம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று அவ்வப்போது கட்டிவிட்டு, 'கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்' என்று நம்பியிருப்பார்கள். ரிசர்வ் வங்கியின் 2021 நவம்பர் விதிப்படி, நிலுவை முழுவதும் தீர்ந்தால்தான் கணக்கு வாராக்கடன் பட்டியலிலிருந்து வெளியே வரும். அரைகுறையாகக் கட்டினால் கடன் குறையும், நடவடிக்கை நிற்காது. ஆகவே கிடைக்கும் சில்லறையைச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் கட்டுங்கள். கட்டும் அன்றே, கணக்கு ஒழுங்கானது, நோட்டீஸ் மேல் நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் கேளுங்கள்.

அந்தப் பணம் உங்களிடமே இருக்கிறது, நகையில். மூன்று வருடத்துக்கு முன் அடகு வைத்த நாளைவிடப் பவுன் விலை வெகுவாக ஏறியிருக்கிறது. சொசைட்டிக்குப் போய் இன்றைய தேதியில் அசலும் வட்டியும் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கடனில் ஒரு பகுதியைக் கட்டி ஒன்றிரண்டு உருப்படியை மட்டும் விடுவிக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், நெருங்கிய சொந்தத்தில் யாராவது ஒரு நாள் கைமாற்றாகக் கொடுத்தால் முழுதும் மீட்டு, இரண்டு பவுனை விற்று, மீதியை மறுபடி வைத்து அவர் பணத்தை அன்றே திருப்பிவிடலாம். ஐந்து பவுனையும் இன்றைய மதிப்புக்கு மாற்றி வைத்துக் கூடுதல் பணம் வாங்கலாமே என்று தோன்றும். வேலை நிலையாகாத நேரத்தில் கடன் மேல் கடன் வேண்டாம். விற்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. தாலிக்கொடியைத் தொட வேண்டாம். நகையைக் கவனிக்காமல் விட்டாலும் அதுவும் ஒரு நாள் ஏலத்துக்குத்தான் போகும்.

மூணு வட்டிக்காரரிடம் போகவே போகாதீர்கள். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்றால் 2 லட்சத்துக்கு மாதம் 6,000, வருடம் 72,000. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. 15 வருடக் கடன் என்று வைத்துக்கொண்டு உங்கள் தவணையைப் பார்த்தால் வங்கி வாங்குவது வருடத்துக்கு 9 சதவீதம், அதாவது நூற்றுக்கு மாதம் 75 பைசா. முக்கால் வட்டிக் கடனை அடைக்க மூணு வட்டிக் கடன் வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது. வட்டியைவிட ஆபத்து அவர் கேட்கும் காகிதங்களில் இருக்கிறது. தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட செக் அவர் கையில் இருந்தால், அவர் விரும்பும் தொகையை எழுதி வங்கியில் போட்டு, பணமில்லை என்று திரும்பியதும் செக் மோசடி வழக்குப் போடலாம். அந்தத் தொகை கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. கிரைய ஒப்பந்தம், பவர் பத்திரம், வெற்று முத்திரைத்தாள் எதிலும் நீங்களோ கணவரோ கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே யாரிடமாவது தண்டல், மீட்டர் வட்டி என்று வாங்கியிருந்து மிரட்டினால், தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.

அண்ணன் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் 13(2) நோட்டீஸ் வந்த பிறகு, வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அந்த வீட்டை விற்கவோ வேறு பெயருக்கு மாற்றவோ சட்டம் தடை செய்கிறது. 13(13) என்று அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. பத்திரச் செலவு வீணாகும், ஏமாற்றப் பார்த்தார்கள் என்று வங்கி சொல்ல நீங்களே காரணம் கொடுத்ததாகும்.

இந்த வாரமே ஒரு கடிதம் போக வேண்டும். நோட்டீஸுக்கு எழுத்தில் பதில் கொடுக்கும் உரிமை 13(3A) பிரிவில் இருக்கிறது. கிடைத்த 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். கிளை மேலாளரிடம் வாயால் சொல்லிவிட்டு வருவது இதற்கு ஈடாகாது. நோட்டீஸில் கையெழுத்திட்ட 'அதிகாரம் பெற்ற அலுவலர்' பெயருக்கு ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். ஒரு நகலைக் கிளையில் கொடுத்துச் சீல் வாங்குங்கள். கடன் எண், நோட்டீஸ் தேதி, வேலை போன விவரம் எழுதி, விசா ரத்தான காகிதம், பாஸ்போர்ட்டில் திரும்பி வந்த முத்திரைப் பக்கம் ஆகியவற்றின் நகல் வையுங்கள். கணக்கு விவரத்தை அசல், வட்டி, அபராதம் என்று பிரித்துக் கேளுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து அபராதத்தைக் கட்டணமாக மட்டுமே போடலாம், அதை அசலில் சேர்த்து வட்டி போடக் கூடாது, அதையும் பாருங்கள். நிலுவையை மட்டும் கட்டி ஒழுங்காக்க எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். கடன் காலத்தை நீட்டித் தரவும் கேளுங்கள். இன்று நிற்கும் 9,70,000-ஐயே 15 வருடத்துக்கு நீட்டினாலும் தவணை சுமார் 9,850 ஆகிவிடும். மாதம் 2,300 மிச்சம். நிலுவையைக் கட்டிய பிறகு இன்னும் குறையும். கடிதத்தில் நிச்சயம் கட்ட முடிகிற தேதியை மட்டும் எழுதுங்கள். ஒரு தேதியைச் சொல்லித் தவறினால், அடுத்த முறை உங்கள் சொல் எடுபடாது.

அடுத்து, துபாய்ப் பணம். இதை நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எங்களுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. அமீரகத் தொழிலாளர் சட்டப்படி பணிக்கொடை, முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் வருடம் 30 நாள். அடிப்படைச் சம்பளம் மாதம் 1,500 திர்ஹம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 50. எட்டு வருடத்துக்கு 105 நாளும் 90 நாளும் சேர்ந்து 195 நாள், 9,750 திர்ஹம். நம் பணத்தில் 2 லட்சத்துக்கு மேல். வேலை முடிந்த 14 நாளுக்குள் இதைக் கொடுத்திருக்க வேண்டும். விசா ரத்து செய்யும்போது 'எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில் கையெழுத்து வாங்கினார்களா என்று கணவரிடம் கேளுங்கள். வாங்கியிருந்தால் வழக்குச் சிக்கலாகும். அப்படியும் வங்கியில் பணம் வரவில்லை என்று கணக்குப் புத்தகத்தைக் காட்டலாம். அமீரக மனிதவள அமைச்சகத்தில் புகார், துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையம், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளம், சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத்துறை எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். இப்படிப் புகார் செய்யக் காலக்கெடு உண்டு, ஏழு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. கம்பெனி மூடிவிட்டதால் பணம் வர நாளாகலாம். அதை நம்பி வங்கிக்குத் தேதி சொல்லாதீர்கள்.

குழுக் கடனுக்கு உங்கள் வீடு அடமானம் இல்லை. வீட்டுத் தவணைக்குப் பிறகுதான் அது. அதற்காக ஒளிய வேண்டாம், முடிந்ததைக் கட்டுங்கள். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் குழுக் கடனுக்காகக் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மற்றக் கடன்களுக்கு வசூல் ஆள்கள் பேசும் நேரம் காலை 8 முதல் இரவு 7 வரை. மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், உதவிக்கு 14448.

கணவர் கையில் நல்ல தொழில் இருக்கிறது. மண்டபம், ராமேஸ்வரம் ஐஸ் கம்பெனிகளுக்கும், ராமேஸ்வரம் லாட்ஜுகளுக்கும், கீழக்கரை வீடுகளுக்கும் குளிர்சாதனம் தெரிந்த ஆள் தேவை. ஐஸ் கம்பெனி வேலை என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடையின் 61 நாளும் மந்தமாக இருக்கும். அந்த இரண்டு தவணைக்கு இப்போதே ஒதுக்கி வைக்கத் தொடங்குங்கள். கடை போடப் புதுக் கடன் இப்போது வேண்டாம்.

அவர் தூங்குவதில்லை, பேசுவதில்லை என்றீர்களே, அதை லேசாக எடுக்காதீர்கள். நேரடியாகக் கேளுங்கள்: 'செத்துடலாம்னு தோணுதா?' கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலோ 104-லோ எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். வங்கிக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கணக்கு எண்ணாகத் தெரிந்தாலே பாதிப் பயம் இறங்கும்.

ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண் என்ற முறையில் வருமானம் பார்க்காமல் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். எண் 15100. ஒருவேளை சுவாதீன நோட்டீஸ் வந்துவிட்டால், அந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். 10 லட்சத்துக்குக் குறைவான கடனுக்குக் கட்டணம் லட்சத்துக்கு 500, உங்களுக்கு 5,000 ரூபாய். உள்ளூர் முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த விஷயத்தில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. வழக்கு தள்ளுபடியாகும்போது 45 நாளும் போயிருக்கும்.

எல்லா வழியும் அடைபட்டால், ஏலத்துக்கு விடாமல் வங்கியிடம் எழுத்தில் அனுமதி கேட்டு நீங்களே விற்பது மேல். ஏலத்தில் வீடு சந்தை விலைக்குப் போவது அரிது. வாங்குபவர் கடன் தொகையை நேராக வங்கிக்குக் கட்டுவார், மீதி உங்களுக்கு. அதற்கு முன், மாமனாருக்குக் கருவேலங்காடாகக் கிடக்கும் புஞ்சை ஏதாவது இருந்தால், அதை விற்று வீட்டைக் காப்பாற்ற முடியுமா என்று அவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். எந்த வழியில் கடன் முழுதாக முடிந்தாலும், 30 நாளுக்குள் வங்கி மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். பத்திரத்தை வாங்கிய கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானப் பதிவை ரத்து செய்து, வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள்.