திரியின் உயரம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். ஒட்டுசுட்டானிலிருந்து எழுதுகிறேன். பாடசாலையில் சித்திரம் கற்பிக்கிறேன். சென்ற வாரம் நாளுக்கொன்றாக நீங்கள் வரைந்த ஏழு சிரிப்புப் படங்களையும் பார்த்தேன். இத்தனை காலமும் காணிப் பிரச்சினை, நெல் விலை என்று கருத்துப்படம் வரைந்தவர் திடீரென்று மயிலும் பாலைப்பழமுமாக இறங்கியது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. மறைக்காமல் சொல்கிறேன்.

வியாழக்கிழமைப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். மின்சாரம் போன வீடு, கைபேசியில் சார்ஜ் இறங்கித் தவிக்கும் பேரன், ஜாம் போத்தலை வழித்துத் துடைத்து விளக்காக்கும் அம்மம்மா. கடைசிக் கட்டத்தில் சார்ஜர் வயரைக் கையில் பிடித்தபடி அந்த விளக்கில் எங்கே செருகுவது என்று தேடுகிறான் பேரன். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தார். "திரி இவ்வளவு உயரமாக இருந்தால் விடியும்வரை எண்ணெய் காணாது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த மௌனத்தையும் எண்ணித்தான் வரைந்தீர்களா? நாங்கள் பட்டதெல்லாம் சிரிப்பதற்குரிய பொருளா? ஏழு நாளுக்கு ஏழு படம் எப்படி வந்தது என்பதையும் எழுதுங்கள். என் மாணவர்களை இப்படி ஒரு வாரம் வரையவைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புத் தங்கைக்கு,

கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது கைவேலை பற்றியது.

வாரம் தொடங்குவதற்கு முதல் நாள் இரவு ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து மனதில் வந்ததையெல்லாம் எழுதினேன். நாற்பதுக்கு மேல் வந்தது. காலையில் படித்தபோது பத்துக்கூடத் தேறவில்லை. கண்டக்டர் இப்படிச் சொன்னார், கிழவி அப்படித் திருப்பிக் கொடுத்தார் என்று கதையாகச் சொன்னால் சிரிப்பு வரும். வரையப் போனால் இரண்டு தலையும் இரண்டு பேச்சுக் குமிழியும்தான் மிஞ்சும். அதற்குப் படம் எதற்கு? இந்த வாரம் ஒரு சொல்லும் எழுதுவதில்லை என்று அந்தக் காலையிலேயே முடிவெடுத்தேன்.

எனக்கு அது இலகுவாக இருக்கவில்லை. எங்கள் இலங்கைத் தமிழ்க் கேலிச்சித்திரம் பேச்சிலே வளர்ந்தது. சிரித்திரன் சுந்தர் என்று எல்லோரும் அறிந்த சிவஞானசுந்தரம் படைத்த சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் மிஸிஸ் டாமோடிரனும் வாயைத் திறந்தாலே எங்கள் ஊர்ப் பேச்சு மணக்கும். பழைய சிரித்திரன் இதழ்களைப் பார்த்துப் பார்த்து வரையப் பழகியவன் நான். கோடு வருமுன் வசனம் வந்து நிற்கும். அதை விலக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் ஒன்று விளங்கியது. சொல் இல்லாவிட்டால், எந்தக் கணத்தை வரைகிறோம் என்பதுதான் முழு வேலையும்.

திங்கட்கிழமைப் படத்தைப் பாருங்கள். கமக்காரர் தன் சட்டையைக் கழற்றி வெருளிக்குப் போட்டுவிட்டு வெறும் மேலுடன் பக்கத்தில் நிற்கிறார். வெருளிக்குப் பயந்த மயில் அவருடைய தோளில் வந்து ஒதுங்கியிருக்கிறது. முதலில் மயில் பறந்து வந்து தோளில் இறங்குவதாக வரைந்தேன். இறகு, தூசி, கமக்காரரின் திறந்த வாய், எல்லாம் இருந்தன. சிரிப்பு மட்டும் இல்லை. அடுத்ததில் மயில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. தோகையை ஒடுக்கி, கழுத்தை அவருடைய காதோடு சாய்த்துக்கொண்டு, அடைக்கலம் புகுந்த பிள்ளையைப்போல. கமக்காரரும் அசையவில்லை. கண் மட்டும் ஓரமாகத் திரும்பியிருக்கிறது. எத்தனை காலை அந்த மயில்களைக் கல்லெறிந்து கலைத்திருப்பார்! அவர் ஏன் அசையாமல் நிற்கிறார் என்பதை நான் எங்கும் சொல்லவில்லை. பார்க்கிறவர் அதைத் தானே கண்டுபிடிக்கும்போதுதான் சிரிக்கிறார். பாதிப் படத்தை நான் வரைகிறேன், மற்றப் பாதி பார்ப்பவரிடம் இருக்கிறது.

அந்தப் பாதி இல்லாதவருக்கு என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு ஒரு விளக்கக் குறிப்புப் போடச் சொல்லி வெளிநாட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். முதற் கட்டத்தில் வீடு முழுக்கச் சண்டை. இரண்டாவதில் ஒருவர் கடகம் நிறையப் பாலைப்பழத்துடன் படலையைத் திறக்கிறார். மூன்றாவதில் கடகம் வெறுமை, வீட்டில் எல்லோரும் வாயை இறுக மூடியபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாலைப்பழத்தைக் கைநிறைய அள்ளித் தின்றவருக்கு அந்தப் பால் உதட்டை எப்படி ஒட்டும் என்று தெரியும். தின்னாதவருக்கு அது வெறும் மூன்று கட்டம். குறிப்புப் போட மறுத்துவிட்டேன். முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ ஒரு சொந்தக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று பதில் எழுதினேன். அவர் கேட்டாராம். அந்தப் பேச்சு ஒரு மணி நேரம் போனதாம்.

வெள்ளிக்கிழமை, தார் வீதியில் நெல் காயப்போட்டிருக்கும் படம். காரில் வந்தவர் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்தபடி காரைத் தள்ளிக்கொண்டு போகிறார். அது அரை மணி நேரத்தில் வந்தது. புதன்கிழமைக் கட்டாக்காலி மாடுகளும் அப்படித்தான். சனிக்கிழமைப் படம் எனக்கே பிடிக்கவில்லை. இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்வதைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்பி எடுக்கிறார்கள். அதை யாரும் எங்கேயும் வரையலாம். மனம் வறண்ட நாளில் கை கைபேசியைத் தேடிப் போகிறது. உங்கள் மாணவர்களுக்குக் கைபேசிப் பகிடியை முதல் நாளே தடைசெய்துவிடுங்கள்.

ஏழு படத்துக்கே இந்தப் பாடு. அமெரிக்காவில் சார்ள்ஸ் ஷூல்ஸ் 1950 ஒக்டோபர் 2 முதல் 2000 பெப்ரவரி 13 வரை வெளியான தன்னுடைய 'பீனட்ஸ்' வரிசையின் 17,897 படத்தொடர்களையும் உதவியாளர் எவரும் இல்லாமல் தன் கையாலேயே வரைந்தார். அந்த எண்ணிக்கை பல வருடமாக எனக்குத் தெரியும். சென்ற வாரம்தான் அதன் பாரம் தெரிந்தது.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒருவருடைய கறுப்பை, பருமனை, நொண்டலை வைத்துச் சிரிப்பு மூட்டக்கூடாது. செவ்வாய்க்கிழமை பஸ் படத்தில், பின்னுக்குப் போகச் சொல்லிக் கண்டக்டர் கைகாட்டக் காட்ட, சனம் பின் யன்னலால் வழிந்து வீதியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் முன் இருக்கையில் செயற்கைக் கால் போட்ட ஒருவர் இருந்து கச்சான் உரிக்கிறார். அவரை ஏன் சேர்த்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். வன்னியில் ஓடுகிற பஸ்ஸில் அவர் இல்லாவிட்டால் அந்த பஸ் பொய். படத்தில் அவருக்கு நான் கொடுத்த வேலை, திரும்பிப் பார்த்துச் சிரிப்பது.

இனி உங்கள் பெரிய கேள்வி.

உங்கள் அம்மாவின் மௌனத்தை நான் எண்ணி வரையவில்லை. எண்ணினேன் என்று சொன்னால் அது பொய். நான் வைத்தது சிரிப்பு மட்டும். 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற நாட்களில், என் தாயார் ஒரு மாலை ஜாம் போத்தலை எடுத்து, கரண்டியால் வழித்துப் பிள்ளையின் கோப்பையில் போட்டுவிட்டுப் பஞ்சு தேடத் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கை தானாகச் செய்தது. சார்ஜர் வயர் மட்டும்தான் என் கற்பனை.

அந்தக் கை எங்கே பழகியது என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரியும். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் பொன்னாக இருந்தது. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு எண்ணெய், சைக்கிள் வால்வுக் கட்டைக்குள்ளால் ஒரு நூல் திரி. போத்தலே சிமினி. 2002 இல் ஏ9 பாதை திறக்கும்வரை வருடக் கணக்காக அந்த வெளிச்சத்தில்தான் நாங்கள் படித்தோம்.

அதை வைத்துச் சிரிக்கலாமா? எந்தப் பக்கம் நின்று சிரிக்கிறோம் என்று பார்க்கிறேன். படத்தில் தடுமாறுவது பேரன். விளக்கில் துவாரம் தேடுகிற அளவுக்கு அவனுக்கு அந்தக் காலம் தெரியாது. அது தெரியாமல் ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் வளர்கிறதே என்ற சந்தோஷத்தில் வரைந்த படம் அது. ஆனால் 2009 ஐ நான் சிரிப்புப் படமாக வரையமாட்டேன். முள்ளிவாய்க்கால் என் பேனைக்கு அந்த வகையில் என்றைக்கும் பொருள் ஆகாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

கருத்துப்படத்தை நான் விட்டுவிடவில்லை. அடுத்த வாரம் நெல் விலை வருகிறது. ஆனால் உங்கள் கடிதம் வந்த பிறகு என் பழைய படங்களை எடுத்து விரித்துப் பார்த்தேன். அவற்றில் வருகிற எங்கள் சனம் ஒன்றில் மனுவைப் பிடித்தபடி நிற்கிறது, அல்லது வரிசையில் நிற்கிறது. ஒருவராவது சாப்பிடவில்லை. ஒருவராவது சாய்ந்து உட்காரவில்லை. கோபத்தில் சரியாகத்தான் வரைந்திருக்கிறேன். ஆனால் அவர்களுக்கு ஒரு குசினி இருப்பது இத்தனை வருடத்தில் என் கண்ணில் படவில்லை.

திரி விடயத்தில் உங்கள் அம்மா சொன்னது முழுக்கச் சரி. மூன்றாவது கட்டத்தில் எல்லோருடைய முகமும் தெரியவேண்டும் என்பதற்காகச் சுடரை உயர்த்தி வரைந்துவிட்டேன். அந்த நாட்களில் எவரும் அப்படி எரித்ததில்லை. நேற்று இரவு அந்தக் கட்டத்தை மீண்டும் வரைந்தேன். திரியை நெல்மணி அளவுக்குக் குறைத்தேன். உடனே சுவர் இருண்டுவிட்டது, அலுமாரியும் கதவும் போய்விட்டன. எட்ட நின்ற பேரனின் முகத்துக்கு வெளிச்சம் எட்டவில்லை. அவனை அழித்து, அம்மம்மாவின் மடியோடு ஒட்டி உட்காரவைத்தேன். வயர் அவனுடைய கையிலேயே இருக்கிறது.

புதிய படத்தை இதனுடன் அனுப்பியிருக்கிறேன். அம்மாவிடம் காட்டுங்கள். திரி இன்னும் உயரமென்றால் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணா