கேளுங்கள், சொல்கிறோம்: பாட்டு முந்தி, படம் பிந்தி

இந்த இதழில் இசை வீடியோ பற்றி மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள்.

மாட்டுங்கா வாசகர்: எம்.டி.வி. என்ற இசைச் சேனல் வந்த பிறகுதான் மியூசிக் வீடியோவே வந்தது என்று பேரன் சாதிக்கிறான். நம் சினிமாவில் 1931-லேயே பாட்டு வந்துவிட்டதே?

பேரன் சொல்வது டி.வி. கணக்கு. எம்.டி.வி. அமெரிக்காவில் 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. அதற்கு 41 ஆண்டுகள் முன்பே, 1940-இல், அங்குள்ள மதுக்கடைகளிலும் உணவு விடுதிகளிலும் பனோரம் என்ற பெட்டி வந்துவிட்டது. அலமாரி மாதிரி நிற்கும். 10 சென்ட் காசு போட்டால் சுமார் 3 நிமிடத்துக்கு ஒரு பாட்டுப் படம் ஓடும். 16 மி.மீ. சுருளில் எட்டுப் பாட்டுகள் இருக்கும். பிடித்ததைக் கேட்டு வாங்க முடியாது, வரிசையில் அடுத்தது எதுவோ அதுதான் வரும். புரொஜெக்டர் பெட்டிக்குள்ளேயே இருந்ததால், படம் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பித் திரையின் பின்பக்கத்தில் விழும். அதில் இடம் வலமாகிவிடும் என்பதால் பிரிண்டையே இடம் வலம் மாற்றிப் போட்டார்கள். அந்தச் சுருளை இன்று சாதாரண புரொஜெக்டரில் அப்படியே ஓட்டினால் கிடார்காரர்கள் எல்லோரும் இடக்கைக்காரர்களாகத் தெரிவார்கள்!

நீங்கள் சொல்லும் 1931-உம் சரிதான், ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த ஆண்டு மார்ச் 14 அன்று இங்கே கிர்காவ் மெஜஸ்டிக் தியேட்டரில் வெளியான, நாட்டின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வில் நடிகர்களே கேமரா முன் நின்று பாடினார்கள். வாத்தியக்காரர்கள் காட்சியில் தெரியாமல் ஒளிந்திருந்து வாசித்தார்கள். ஸ்டூடியோ பக்கத்தில் ரயில் பாதை இருந்ததால், இரைச்சல் அடங்கிய நள்ளிரவுக்குப் பிறகே பெரும்பாலும் படம்பிடித்தார்கள். பாட்டும் படமும் ஒரே நேரத்தில் பதிவாயின. பாட்டை முதலில் பதிந்துவைத்து, பிறகு அதை ஒலிக்கவிட்டு உதடசைக்கும் பின்னணி முறை நம் நாட்டில் 1935-இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸில் வந்தது. எங்களைக் கேட்டால் நம் ஊர் மியூசிக் வீடியோவுக்கு அதுதான் பிறந்த ஆண்டு. இன்று செல்போனில் எடுப்பவரும் அந்த முறையில்தான் எடுக்கிறார்.

செம்பூர் வாசகி: சினிமாப் பாட்டுக்கும் ஆல்பம் பாட்டுக்கும் என்ன வித்தியாசம்?

சினிமாப் பாட்டில் முகம் நடிகருடையது, குரல் வேறொருவருடையது. ஆல்பம் பாட்டில் பாடியவரே முன்னால் வருவார். 1995-இல் அலிஷா சினாயின் ‘மேட் இன் இந்தியா’, 1997-இல் ஏ.ஆர். ரகுமானின் ‘வந்தே மாதரம்’ இரண்டும் அந்த வகை. 2011 நவம்பரில் இந்தக் கோடு கலைந்தது. ‘கொலவெறி’ ஒரு படத்துக்கான பாட்டு. ஆனால் யூடியூபில் வந்த வீடியோவில் இருந்தது ஸ்டூடியோவில் பாடும் காட்சி.

தாராவி வாசகர்: எங்கள் ராப் பாட்டை மொட்டை மாடியில் செல்போனில் எடுத்தோம். பாட்டு 4 நிமிடம். முதல் வரியில் உதடு பொருந்துகிறது, கடைசியில் அரை நொடி விலகுகிறது. புளூடூத் ஸ்பீக்கர்தான் காரணமா? ஸ்லோ மோஷனில் உதடு மட்டும் பாட்டோடு சேர்வது எப்படி?

ஸ்பீக்கர் காரணமில்லை. புளூடூத் தாமதம் பாட்டு முழுக்க அநேகமாக ஒரே அளவில் இருக்கும். ஸ்பீக்கர் தூரமும் அப்படித்தான்: ஒலி 14 மீட்டர் கடக்கும் நேரத்தில், நொடிக்கு 24 ஃப்ரேம் (தனித்தனிப் படங்கள்) ஓடும் படம் ஒரு ஃப்ரேம் நகர்ந்துவிடும். எடிட்டிங்கில் ஒருமுறை தள்ளிவைத்தால் இரண்டும் தீர்ந்துவிடும். உங்களுக்கோ விலகல் போகப்போக வளர்கிறது. அப்படியென்றால் கோளாறு வேகத்தில் இருக்கிறது.

டெமோவை (முதல் மாதிரிப் பதிவை) ஒலிக்கவிட்டு நடித்து, பிறகு இறுதி மிக்ஸை (முடிவான பதிவை) போட்டிருக்கலாம் என்றும் யோசித்தோம். டெம்போ, அதாவது தாள வேகம், நிமிடத்துக்கு 100 தட்டிலிருந்து 101 ஆகியிருந்தால்கூட 4 நிமிடத்தில் 2.4 நொடி விலகும். 24 ஃப்ரேமில் எடுத்ததை 25 என்று கணினி வாசித்திருந்தால் விலகல் 10 நொடியை நெருங்கும். உங்களுடையது அரை நொடிதான் என்பதால் செல்போன் கேமராவையே சந்தேகிக்கிறோம். பல போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃப்ரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும். சில எடிட்டிங் மென்பொருள்கள் அதை ஒரே சீர் என்று எடுத்துக்கொள்ளும்.

எடுத்த வீடியோவை வீணாக்க வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ஃப்ரேம் ரேட்டை ‘கான்ஸ்டன்ட்’ என்று வைத்து மாற்றி, பிறகு எடிட்டிங்கில் போடுங்கள். அடுத்த முறை ஃப்ரேம் ரேட்டைப் பூட்டிவைக்கும் கேமரா செயலியில் எடுங்கள். பாட்டுக் கோப்பின் தொடக்கத்தில் நொடிக்கு ஒன்றாக மூன்று ‘பீப்’ சேருங்கள். நாலாவது பீப் வரவேண்டிய இடத்தில் பாட்டு தொடங்கட்டும். கேமரா மைக்கை அணைக்காதீர்கள். அதில் விழும் கரகர ஒலிதான் பொருத்துவதற்கு அடையாளம்.

ஸ்லோ மோஷனுக்குக் கணக்கு எளிது. எத்தனை மடங்கு அதிக ஃப்ரேமில் எடுக்கிறீர்களோ, பாட்டையும் அத்தனை மடங்கு வேகமாக ஒலிக்கவிட வேண்டும். 48 ஃப்ரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் படம் பாதி வேகத்தில் போகும். அதனால் பாட்டு இரு மடங்கு வேகம். பாடுபவர் அவசர அவசரமாக வாயசைப்பார். திரையில் பார்த்தால் உதடு பாட்டோடு போகும், சட்டையும் முடியும் மட்டும் மிதக்கும். மெதுவான பாட்டுக்கு இது அழகு. ராப்புக்கு நாக்கு ஈடுகொடுக்காது. 30 ஃப்ரேமில் எடுத்து 1.25 மடங்கோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் அந்த ஷாட்டில் வாயசைப்பே வேண்டாம்.

சயான் கோலிவாடா வாசகி: அறைக்குள் எடுத்த வீடியோவில் விளக்கு துடிக்கிறதே?

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். ஷட்டரை, அதாவது ஒரு ஃப்ரேமுக்கு ஒளி விழும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி என வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் முழுத் துடிப்புகளாகவே விழும். 30 ஃப்ரேமில் எடுக்கும்போது ஷட்டர் 1/60-இல் இருந்தால் துடிப்பு பாதியில் அறுபட்டு, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வெளிச்சம் மாறும். டிம்மர் வைத்த எல்.இ.டி. விளக்கு வேறு வேகத்திலும் துடிக்கலாம். அதை முழு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் துடித்தால் அந்தப் பல்பை மாற்றிவிடுங்கள்.