தன்னார்வலர் அட்டைக்கு 2,500 ரூபாயா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 59, மதுரை திருநகரில் இருக்கிறேன். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் விளையாட்டுப் பயிற்சிக்கு உதவியாகப் போக ஆசை. எனக்கு விளையாட்டு எதுவும் தெரியாது, முழங்கால் வலியும் உண்டு. 2,500 ரூபாய் கட்டினால் ‘ஒலிம்பிக் தன்னார்வலர்’ அட்டையும் சான்றிதழும் வாங்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். பேரனையும் சேர்த்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவுமாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீது கேளுங்கள். ரசீது என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் போனை எடுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அந்த அட்டையில் இருக்கும் ‘ஒலிம்பிக்’ என்ற சொல்தான் அவருடைய முதலீடு. உண்மையில் இருப்பது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டு அமைப்பு. 1968இல் சிகாகோவில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தொடங்கிவைத்தது. இந்தியாவில் அதை நடத்துவது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத். எட்டு வயதிலிருந்து போட்டியிடலாம், மேல் வயது வரம்பு கிடையாது. வீரர்களிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது அவர்களுடைய விதி. ஓடுகிற பிள்ளைக்கே காசு இல்லை, தண்ணீர் பாட்டில் தூக்க வரும் உங்களுக்கு எதற்கு?

பாராலிம்பிக்ஸ் வேறு. அங்கே அறிவுசார் குறைபாட்டுக்குச் சில பிரிவுகள்தான் உண்டு. 2024 பாரிஸில் தெலங்கானாவின் தீப்தி ஜீவன்ஜி 400 மீட்டரில் வெண்கலம் வாங்கியது அதில்தான். நம் மாநிலத்தின் முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அது மூன்றாவது வழி. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்பவர் உங்கள் குழப்பத்தில் லாபம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேரன் விஷயம். விளையாட்டு ஒதுக்கீடு ஆடியவனுக்கு, கூட நின்றவனுக்கு இல்லை. அவ்வளவுதான்.

இந்த ஆட்கள் பெற்றோரிடம் இன்னும் பெரிய தொகை கேட்பார்கள். “உலகப் போட்டிக்கு அனுப்புகிறேன், விசாவுக்கு ஒரு லட்சம்” என்பார்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் மேல்நிலைப் போட்டிக்குப் போக, கீழ்நிலையில் முதலிடம் வாங்கியவர்களுக்கு முன்னுரிமை. அப்படிப்பட்டவர்கள் இருக்கிற இடங்களைவிட அதிகம் பேர் இருந்தால் குலுக்கல். குலுக்கலில் யார் பெயர் வரும் என்று முன்கூட்டியே சொல்பவரை நம்புவீர்களா? பயிற்சிக்குப் போகும் இடத்தில் பெற்றோரிடம் பேச்சுக்கொடுத்து இதை அவர்கள் காதில் போட்டுவையுங்கள். அதுவே பெரிய தொண்டு.

சரி, எப்படிச் சேர்வது? வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிறப்புப் பள்ளிக்கு நேரில் போங்கள். எது பக்கம் என்று தெரியவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலரையும் விசாரிக்கலாம். பள்ளித் தலைமையிடம் “வாரம் ஒரு நாள், இத்தனை மணிக்கு, பத்து வாரம் வருவேன்” என்று சொல்லுங்கள். ‘முடிந்தபோது வருகிறேன்’ என்பவரால் பிள்ளைகளுக்கு உபத்திரவம்தான். முகம் பழக நான்கு வாரம் ஆகும், ஐந்தாவது வாரம் நீங்கள் வராவிட்டால் அந்தப் பிள்ளை மைதானத்துக்குள் இறங்காது. காவல்துறை சரிபார்ப்புச் சான்று கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்கிற பள்ளிதான் நல்ல பள்ளி. எந்தப் பிள்ளையுடனும் தனி அறையில் தனியாக இருக்க வேண்டாம். படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம்.

டிசம்பர் மூன்றாம் தேதி, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு மட்டும் வருகிற கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு வருடம் போட்டிக்குப் பிள்ளைகளைக் காலை எட்டு மணிக்கே வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் வந்தது பதினொன்றரைக்கு. பொன்னாடை, பேச்சு, குரூப் போட்டோ எல்லாம் முடிந்து முதல் ஓட்டம் தொடங்கும்போது உச்சி வெயில். மேடைக்குப் பந்தல் இருந்தது, ஓடுகிறவர்களுக்கு இல்லை. வலிப்புக்குத் தரும் சில மருந்துகள் வியர்வையைக் குறைத்துவிடும், உடம்பு சூடு தணியாது. தாகம் என்று வாய்திறந்து சொல்லத் தெரியாதவர்களும் உண்டு. ஆகவே உங்கள் முதல் வேலை தண்ணீர். கேட்காவிட்டாலும் கால் மணிக்கு ஒரு தடவை கொடுங்கள். பாசத்தில் ஜிகர்தண்டா வாங்கிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே எடை கூடிய பிள்ளைகள் நிறைய.

யாருக்காவது வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வையுங்கள், மணி பாருங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிக்க நாலு பேர் ஓடிவருவார்கள், அவர்களை விலக்குவதுதான் பெரும்பாடு. வாயில் ஸ்பூன், தண்ணீர் எதுவும் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் ஒரு மரபணு நிலை) உள்ளவர்கள் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் நீட்டி முழக்கத்தான் வேண்டும். இவர்களில் சிலருக்குக் கழுத்தில் மேலே உள்ள இரண்டு எலும்புகளின் மூட்டு தளர்வாக இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் வராது, ஓடலாம், ஆடலாம். ஆனால் வெகு சிலருக்கு அது தண்டுவடத்தை அழுத்தும். யார் அந்தச் சிலர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் மருத்துவர் பரிசோதித்துக் கையெழுத்திட்ட படிவம் பள்ளியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் குட்டிக்கரணம், தலைகீழாகத் தண்ணீரில் பாய்வது, தலையால் பந்து முட்டுவது மூன்றும் வேண்டாம். எக்ஸ்ரே நன்றாக இருந்தது என்பதோடு விடக்கூடாது. நன்றாக நடந்தவன் தள்ளாடுகிறான், கழுத்தை ஒருபக்கமாகவே வைத்திருக்கிறான், கையில் பிடி தளர்கிறது, பழகியிருந்தும் திடீரென்று உடையிலேயே சிறுநீர் போகிறது என்றால் அன்றைக்கே விளையாட்டை நிறுத்தி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ‘அடம் பிடிக்கிறான்’ என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

படிவம் என்றதும் பெற்றோர் சலித்துக்கொள்வார்கள், எனக்கும் சலிப்புத்தான். பிறவியிலேயே வந்த, மாறவே போகாத குறைபாட்டுக்கு எத்தனை முறை சான்று? ஒரு அம்மாவை ஒரே கையெழுத்துக்கு மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள், மூன்று நாள் கூலி போச்சு. ஆனால் சோதனையே வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. 2000 சிட்னி பாராலிம்பிக்ஸில் தங்கம் வாங்கிய ஸ்பெயின் கூடைப்பந்து அணியின் 12 பேரில் 10 பேருக்கு அறிவுசார் குறைபாடே இல்லை என்று வெளிவந்தது. அதற்குப் பிறகு 2012 லண்டன் வரை இந்தப் பிரிவினர் அத்தனை பேரையும் பாராலிம்பிக்ஸுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். யாரோ செய்த திருட்டுக்கு நம் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

உங்களுக்கு விளையாட்டு தெரியாதது குறையே இல்லை. ஒரு நேரத்தில் ஒரே சொல், செய்து காட்டுவது, பத்து எண்ணும்வரை காத்திருப்பது. முப்பது வருடம் வகுப்பில் நின்றவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 50 மீட்டர் ஓட்டத்தில் பலர் முடிவுக் கோட்டைப் பார்த்ததும் நின்றுவிடுவார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஐந்து மீட்டர் தள்ளி நின்று கூப்பிடுங்கள். முப்பத்தைந்து வயது ஆளை ‘பாப்பா’ என்று கூப்பிடாதீர்கள், பெயர் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் தகுதிச் சுற்றில் வைத்துத்தான் திறமை ஒத்தவர்களாகப் பார்த்துப் பிரிவு பிரிப்பார்கள். ‘இப்போ மெதுவா ஓடு, இறுதியில் ஜெயிக்கலாம்’ என்று காதில் ஓதும் பெரியவர்கள் இருக்கிறார்கள். தகுதிச் சுற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் வேகம் கூடினால் தகுதி நீக்கலாம் என்று விதி இருக்கிறது. 20 விநாடியில் ஓடியவன் இறுதியில் 17க்குக் கீழே வந்தால் சிக்கல். ஓதியவருக்கு ஒன்றும் ஆகாது, பிள்ளையின் பதக்கம்தான் பறிபோகும்.

முழங்காலுக்கு வருகிறேன். நாற்காலி ஒன்று கேட்டு வாங்கி, ஸ்டாப்வாட்சும் நோட்டுமாக உட்காருங்கள், நேரம் குறிக்க எப்போதும் ஆள் பஞ்சம். அல்லது போச்சே பந்துக்குப் போங்கள். பெயரைக் கேட்டு முதல் நாள் எல்லோரும் சிரிப்பார்கள். சின்னப் பந்து ஒன்றை முதலில் உருட்டிவிட்டு, மற்றப் பந்துகளை அதற்கு நெருக்கமாக உருட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். எது நெருக்கம் என்று டேப் வைத்து அளக்கும்போது மட்டும் குனிய வேண்டியிருக்கும், அதற்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.