பழைய ஸ்லைடுகளுக்கு எத்தனை டிபிஐ? – கேள்வி பதில்

கேள்வி: அப்பா எடுத்த 400 ஸ்லைடுகள் (சட்டத்தில் பொருத்திய ஃபிலிம் படங்கள்) இருக்கின்றன. ஸ்கேன் செய்ய 300 டிபிஐ போதும் என்கிறார் கடைக்காரர். சரியா?

பதில்: போதவே போதாது. டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது. 300 என்பது தாளில் அச்சிடுவதற்கான கணக்கு. 35 மி.மீ. அகல ஃபிலிம் ஸ்லைடில் படம் இருக்கும் இடமே 36 மி.மீ.க்கு 24 மி.மீ.தான். 300-இல் ஸ்கேன் செய்தால் 425-க்கு 283 பிக்சல் கிடைக்கும். அச்சிட்டால் மறுபடி ஸ்லைடு அளவுக்கே வரும். ஏ4 தாள் நிறைய அச்சிட ஏறக்குறைய 2600 டிபிஐ வேண்டும். நான் 4000 வைக்கிறேன். 2 கோடி பிக்சலுக்குச் சற்று மேலே வரும். எங்கள் வீட்டு ஸ்லைடு ஒன்றில் பின்னால் ஒரு பஸ் நிற்கிறது. 2400-இல் பெயர்ப்பலகை வெறும் வெள்ளைப் பட்டை. 4000-இல் ஊர்ப்பெயரைப் படித்தோம். அன்று எங்கே போயிருந்தார்கள் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. ஸ்கேன் முடிந்ததும் ஸ்லைடுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் தட்டை ஸ்கேனரில் 6400 இருக்கிறது. அது இன்னும் மேல் அல்லவா?

பதில்: பெட்டியில் அச்சிட்ட எண் அது. சென்சார் அத்தனை புள்ளிகளை எடுக்கலாம். லென்ஸ் அத்தனை நுணுக்கத்தைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டுமே!

கேள்வி: நிறுவனம் பொய் சொல்லுமா? என் கண்ணுக்குத் தெளிவாகத்தான் தெரிகிறது.

பதில்: என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். ஒரே ஸ்லைடை 3200-இலும் 6400-இலும் எடுங்கள். இரண்டாவதைப் பாதியாகச் சுருக்கி, படத்தில் இருப்பவரின் இமை முடிகளை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். புதிதாக ஒரு முடிகூடத் தெரியவில்லை என்றால், நான்கு மடங்கு பெரிய கோப்பைத்தான் சேமித்திருக்கிறீர்கள்.

கேள்வி: தூசி நீக்கும் வசதியைப் போடலாமா?

பதில்: ஃபிலிம் வகை எக்டக்ரோம் என்றால் தாராளமாக. கோடக்ரோம் என்றால் சோதித்துப் பார்த்த பிறகே. அந்த வசதி அகச்சிவப்பு ஒளியால் தூசியைத் தேடுகிறது. கோடக்ரோமின் கருமையான பகுதிகளையே தூசியென்று எண்ணி அழித்துவிடக்கூடும்.

கேள்வி: பூஞ்சை பிடித்திருக்கிறது. ஈரத்துணியால் துடைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது! படத்தைத் தாங்கியிருக்கும் ஜெலட்டின் பூச்சைப் பூஞ்சை தின்றிருந்தால் அது தண்ணீரில் கரையும், படமும் கூடவே போகும். அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

கேள்வி: 35 மி.மீ. ஸ்லைடுக்கு எத்தனை டிபிஐ வைக்கலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். 4000.

கேள்வி: எல்லாம் ஸ்கேன் செய்தாயிற்று. ஸ்லைடுப் பெட்டியை அப்புறப்படுத்தலாமா?

பதில்: இரண்டாம் முறை சொல்கிறேன், வேண்டாம். வன்தட்டு ஒருநாள் பழுதாகும். ஈரமில்லாத அலமாரியில், வெளிச்சம் படாமல் வையுங்கள்.