பழைய கல்லூரி நண்பரைக் கூகுளில் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் ஆட்களுக்கு அது சரிப்படாது. குடும்பப் பெயர் கிடையாது, இருப்பது ஒரு இனிஷியல். அதையும் ஒருவர் முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார்.

நான் தேடியது வேலூரில் என்னோடு படித்த சீனிவாசனை. இந்தப் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் அடித்தேன். வந்ததெல்லாம் கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்த என். சீனிவாசன். கிரிக்கெட் என்ற சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டதும் அவர் போனார், அமெரிக்காவில் இருக்கும் மென்பொருள் சீனிவாசன்கள் வந்தார்கள். போன் நம்பரை வைத்து ஃபேஸ்புக்கில் தேடும் வசதியை 2018-லேயே எடுத்துவிட்டார்கள். இருந்திருந்தாலும் என்னிடம் நம்பர் ஏது?

அப்புறம்தான் ஆள் எப்படிப்பட்டவன் என்று யோசித்தேன். கபடிப் பைத்தியம். உடற்கல்வி ஆசிரியர் ஆகப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். "உடற்கல்வி ஆசிரியர் சீனிவாசன்" என்று தமிழிலேயே மேற்கோள் குறிக்குள் அடித்து, பக்கத்தில் குடியாத்தம், ஆற்காடு, வாணியம்பாடி என்று ஊரை மாற்றிக்கொண்டே போனேன். ஆம்பூருக்கு ஒரு நாளிதழ்ச் செய்தி வந்தது. மாணவிகள் கபடியில் ஜெயித்திருக்கிறார்கள், படத்தில் ஓரமாக நிற்கிறான். தலையில் முடி இல்லை, இடுப்பில் கைவைத்து நிற்கும் தோரணை மட்டும் அப்படியே. வாத்தியார், கூட்டுறவுச் சங்கச் செயலாளர், கோயில் தர்மகர்த்தா இவர்கள் பெயரெல்லாம் மாவட்டச் செய்திகளில்தான் வரும், அதுவும் தமிழில்.

அடுத்தவர் விவரத்தைத் துருவலாமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அவன் நம்பரை நான் தேடவே இல்லை. பள்ளிக்கு போன் செய்து என் நம்பரைக் கொடுத்தேன், இஷ்டமிருந்தால் கூப்பிடட்டும் என்று. அன்று சாயங்காலமே கூப்பிட்டுத் திட்டினான்.

வாக்காளர் பட்டியலில் பார்க்கலாமே என்பீர்கள். அதற்கு முதலில் மாவட்டம் தெரிய வேண்டும். எங்கள் வாலாஜாபேட்டை வீடு நின்ற இடத்தில்தான் நிற்கிறது, மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் வட ஆற்காடு, 1989-ல் வட ஆற்காடு அம்பேத்கர், பிறகு வேலூர், 2019 முதல் ராணிப்பேட்டை.

சரி, உங்கள் நண்பர் என்ன வேலை பார்த்தார், எந்த ஊர்ப்பக்கம்? கேள்வியில் அது இல்லையே.