அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

கேள்வி: எனக்கு 24 வயது. பிறவியிலேயே பார்வை மிகக் குறைவு. நான்கு வருடமாகப் புனைபெயரில் ஃபேஸ்புக்கில் கவிதை, சினிமா என்று எழுதுகிறேன். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் டாக்பேக் வசதியை வைத்துத்தான் ஃபோனைப் பயன்படுத்துகிறேன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. யாராவது மீம் போட்டால் ஃபோன் "படம்" என்று மட்டும் சொல்லும். நானும் சிரிக்கிற ஸ்மைலி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். இனி என் பெயரிலேயே என் வாழ்க்கையை எழுத ஆசை. "ஊருக்கே தெரியணுமா?" என்கிறார் அப்பா. எல்லாரும் பரிதாபப்படுவார்களோ என்று எனக்கும் பயம்.
- வாசகி, கோவில்பட்டி

பதில்: அன்புத் தங்கைக்கு, அந்த ஸ்மைலியைத் தாண்டி என்னால் சட்டென்று அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. எனக்குச் சின்ன வயதில் போலியோ, இடது காலில் காலிப்பர், அதாவது காலைத் தாங்கும் உலோகப் பட்டை. இணையத்துக்கு வந்த புதிதில் இடுப்புக்கு மேல் எடுத்த படங்களாகத் தேடித் தேடிப் போட்டவன் நான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, ஆனால் நண்பர்கள் "வாங்க, பர்வதமலை ஏறலாம்" என்று கூப்பிடும்போதெல்லாம் ஒரு பொய்க் காரணம் தேட வேண்டியிருந்தது. அந்த அலுப்பில்தான் ஒருநாள் சொல்லிவிட்டேன்.

பரிதாபம் வருமா? வரும். கூடவே கைதட்டலும் வரும், ரசம் வைத்தேன் என்று எழுதினால்கூட "உங்களைப் பார்த்தால் எங்களுக்கே தைரியம் வருது" என்பார்கள். இரண்டு தரப்பையும் மனதில் வைத்து எழுதாதீர்கள். சினிமாவை விட்டுவிடவும் வேண்டாம். வசனமே இல்லாத ஒரு காட்சியைத் தியேட்டரில் காதை வைத்தே எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று எழுதுங்களேன், நான் முதல் ஆளாக வாசிப்பேன்.

உங்களை எந்தச் சொல்லால் சொல்லிக்கொள்வது என்பதும் உங்கள் முடிவுதான். 2010-இல் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்பதை மாற்றி 'மாற்றுத்திறனாளி' என்றாக்கியபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. குறைபாட்டைக் குறைபாடு என்றே சொன்னால் போதும் என்பவர்களும் எங்களுக்குள் உண்டு.

அப்பாவோடு சண்டை வேண்டாம். எதையெல்லாம் எழுத மாட்டீர்கள் என்று உட்கார்ந்து பேசுங்கள்: வீட்டு விஷயம், முகவரி, மருத்துவச் சான்றிதழ். அடையாள அட்டையைப் படம் பிடித்துப் போடவே கூடாது. யாராவது கேவலமாக எழுதினால் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், படத்தை வாசிக்க வீட்டில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு. மாற்றுத்திறனாளியைப் பொதுவில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு. இதை அப்பாவிடமும் சொல்லுங்கள், கொஞ்சம் தெம்பாக இருப்பார்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே பதிவில் கொட்ட வேண்டியதில்லை. அடுத்த மீம் வரும்போது ஸ்மைலி போடாதீர்கள். நம்பிக்கையான ஒரு தோழியிடம், "என் ஃபோன் படம்னு மட்டும்தான் சொல்லுது, இதில் என்ன இருக்கு, சொல்லேன்" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்ததும், நிஜமாகவே சிரிப்பு வந்தால் மட்டும் சிரியுங்கள்.