தேசிய சேவைக்குச் செல்லும் மகனும் கிட் மென்பொருளின் புதிய பதிப்புகளும்

வணக்கம் அம்மா.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பை முடித்துவிட்டுத் சிங்கப்பூரின் கட்டாயத் தேசிய சேவைக்குச் செல்லவிருக்கும் உங்கள் மகன், இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பும்போது படித்ததெல்லாம் பழையதாகிவிடுமோ என்று கவலைப்படுகிறீர்கள். கிட் மென்பொருளின் புதிய பதிப்புக்கென்று நடத்தப்படும் தனியார் வகுப்பில் அவரைச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து.

நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும், அதை யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்ற குறிப்புடன் சேமித்து வைப்பதே கிட்டின் வேலை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதை எழுதினார். ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது என்று கேட்டால் எவருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மாற்றங்கள் எவ்வளவு நிதானமாக நிலைபெறுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

முன்பு ‘செக்அவுட்’ என்ற ஒரே கட்டளைதான் ஒரு கிளையிலிருந்து (முதன்மை நிரலைப் பாதிக்காமல் தனியாக மாற்றங்கள் செய்யும் தடம்) மற்றொரு கிளைக்கு மாறவும், கோப்பில் செய்த மாற்றங்களைக் கைவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பவும் பயன்பட்டது. ஒன்றை நினைத்து மற்றொன்றைச் செய்துவிட்டுச் சேமிக்காத வேலையை இழப்பது புதியவர்களுக்கு எளிதில் நேரக்கூடியது. இந்தக் குழப்பத்தைக் குறைக்கும் வகையில், 2019 ஆகஸ்டில் வெளியான 2.23ஆம் பதிப்பு, கிளை மாறுவதற்கு ‘ஸ்விட்ச்’, கோப்பை மீட்பதற்கு ‘ரிஸ்டோர்’ என இரண்டு கட்டளைகளைப் பரிசோதனை நிலையில் அறிமுகப்படுத்தியது. அந்தப் ‘பரிசோதனை’ என்ற அடைமொழி நீங்கியது 2025 ஆகஸ்டில் வந்த 2.51ஆம் பதிப்பில்தான். அந்த ஆறு ஆண்டுகளில் மூன்று அணி இளையர்கள், ஒன்றன்பின் ஒன்றாகத் தேசிய சேவையை முடித்திருக்கலாம். பழைய செக்அவுட்டும் இன்றுவரை வேலை செய்கிறது.

பெரிய மாற்றம் என்று சொல்லத்தக்கது 3.0 பதிப்புக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. 2017இல் கூகல் நிறுவனமும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும், வெவ்வேறான இரண்டு பிடிஎஃப் கோப்புகளுக்கு ஒரே ஷா-1 அடையாளம் வரும்படி செய்து காட்டின. ஷா-1 என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்; வெவ்வேறு கோப்புகளுக்கு அது வெவ்வேறாக இருக்க வேண்டும். கிட் ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காண்பது அந்த ஷா-1 முறையால்தான் என்பதால், புதிதாகத் தொடங்கும் களஞ்சியங்களுக்கு (ஒரு திட்டத்தின் கோப்புகளும் அவற்றின் மாற்றப் பதிவுகளும் இருக்கும் இடம்) இன்னும் உறுதியான ஷா-256 முறையை இயல்பாக்குவது திட்டம். நாள்தோறும் தட்டச்சு செய்யும் கட்டளைகள் இதனால் மாறப்போவதில்லை. நேர்காணலில் இதைப் பற்றிக் கேட்டால், பதிப்பு எண்ணைச் சொல்வதைவிட, இந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதைத் தன் சொற்களில் விளக்குவதே மதிப்பைப் பெற்றுத்தரும்.

ஆகவே சேவைக்குப் புறப்படுவதற்கு முன், தம்பி தம்முடைய இறுதியாண்டுத் திட்டப்பணியின் கமிட் குறிப்புகளை, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்யும்போது எழுதிய விளக்கங்களை, ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். ‘திருத்தினேன்’, ‘மீண்டும் திருத்தினேன்’ என்று வரிசையாக இருந்தால், அவர் பழக வேண்டியது புதிய கட்டளையை அன்று. எதற்காகத் திருத்தினார் என்று ஒரு வரியில் எழுதுவதைத்தான். முகாமிலிருந்து வீடு திரும்பும் வார இறுதிகளில் ஓய்வுக்குப் பிறகு நேரம் மிஞ்சினால், சிறிய நிரல் ஒன்றை எழுதி அதே முறையில் பதிவுசெய்து வரலாம். நேரம் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: முகாம், பணி சார்ந்த எதையும் பொதுவெளிக் களஞ்சியத்தில் ஏற்றக்கூடாது. பின்னர் நீக்கினாலும் பழைய பதிவுகளில் அது தங்கிவிடும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, திறன் பயிற்சிக்காகச் சிங்கப்பூர் அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை 25 வயதிலிருந்துதான் கிடைக்கும்; உங்கள் கணக்கில் இருப்பதை அவருக்காகப் பயன்படுத்தவும் முடியாது. எனவே இந்த வகுப்பு முழுக்க உங்கள் கைப்பணம். ஒவ்வொரு பதிப்புடனும் வெளியாகும் குறிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சேவை முடிந்ததும், விடுபட்ட பதிப்புகளின் குறிப்புகளை வரிசையாக வாசிக்க ஒரு வார இறுதி போதும். அதன் பிறகும் அவருக்கு ஒரு வகுப்பு தேவைப்பட்டால், அது எந்தத் துறையில் என்று அவரே முடிவுசெய்யட்டும்.